உங்காலை பாரும்

அந்த அம்மா நீட்டிய தாளில் கையெழுத்து வைத்தது நான்தான்.

ஜீப்பின் முன் மூடியில் தாளை விரித்து, காற்றுக்குப் பறக்காமல் ஒரு மூலையைத் தன் தொப்பியால் அமத்திக்கொண்டு, பேனாவைத் தந்தார். காக்கிச் சட்டை. கை மடிப்பு கத்தி மாதிரி நின்றது. சட்டைப்பைக்கு மேலே வார்டன் என்று தைத்திருந்ததை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். நைரோபியிலிருந்து ஒரு முழுப் பகல் ஓட்டம் தள்ளி, கென்யாவில் ஒரு காப்புக்காட்டின் வாசல் அது. செம்மண் தூசி பல்லுக்குள் நறநறத்தது. எங்கள் வானின் எஞ்சின் சூடு ஆறாமல் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

தாள் முழுக்க இங்கிலீசு. நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். படம் எடுக்க எங்களைக் கூட்டிவந்த யூட் வாசித்துச் சொன்னான். கூடாரங்கள் இருக்கிற வேலிக்குள் நடக்கலாம். வேலிக்கு வெளியே வாகனத்தை விட்டு ஒருவரும் நிலத்தில் கால் வைக்கக் கூடாது. வைத்தால், யாரால் அந்தப் பிழை நடந்ததோ அவர் அன்றைக்கே காட்டை விட்டுப் போக வேண்டும். திரும்ப வர ஏலாது. கீழே, பொறுப்பாளர் இன்னார் என்று ஒரு கோடு.

கோட்டுக்கு வந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கே பத்துப் பேர் நின்றாலும் பொறுப்பு என்ற சொல் வந்தவுடன் கண்கள் என் பக்கம்தான் திரும்பும். லண்டனிலும் அப்படித்தான், அதற்கு முன்னர் ஜெர்மனியிலும் அப்படித்தான். வைத்தேன் கையெழுத்து. என் கையெழுத்து பெரிதாக இருக்கும், கோட்டுக்குள் அடங்காது.

சட்டனிலிருந்து வந்த பஸ் டிரைவர்

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி: லண்டன் இல்ஃபோர்ட்டில் வான் சோதி என்றால் பேக்கரிக்காரனும் வழி காட்டுவான். கல்யாண மேடை, கோயில் தேர்ச் சாமான், வீடு மாறுகிறவர்களின் கட்டில் அலுமாரி எல்லாம் என் வான்களில்தான் போகும். ஒற்றை வானில் தொடங்கி ஒன்பது வானுக்கு வந்தவன். ஒரு சேர்ட்டிபிக்கேட்டும் இல்லை.

2009ஆம் ஆண்டு. அந்த வருடம் சித்திரையிலும் வைகாசியிலும் என் வான்கள் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை. ஊரில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நாளும் பொழுதும் நின்ற சனத்துக்குச் சோறும் தண்ணீர்ப் போத்தலும் ஏற்றின. அதற்குப் பிறகு எங்கள் ஆட்களின் வீடுகளில் டிவிச் சத்தம் குறைந்துபோனது. கடையில் சந்தித்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மரக்கறியைத் தெரிந்தெடுத்தோம்.

அந்தக் கோடை முடிகிற நேரத்தில்தான் யூட் என் கந்தோர் அறைக்கு வந்தான். மன்னார்ப் பிள்ளை. தெற்கு லண்டன் சட்டனில் இருந்து பஸ் ஓட்டுகிறான். ஞாயிறு என்றால் பூசைக்குப் போய்ப் பாட்டுக் குழுவில் பாடுவான். மற்ற நாளெல்லாம் படம் எடுக்கப் போகிறேன், படம் எடுக்கப் போகிறேன் என்பான். ஏழு வருடமாக அதைத்தான் சொன்னான். அன்றைக்கு பஸ் டிப்போவின் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து இருந்தான்.

"அண்ணை, இப்ப எடுக்காட்டி பேந்து நான் எடுக்கமாட்டன்," என்றான். "இந்த வருசத்துக்குப் பிறகு ஒண்டையாவது முடிச்சுக் காட்டாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும்."

கதை என்ன என்று கேட்டேன். ஏஜென்சிக்காரன் லண்டனுக்கு என்று கூட்டிக்கொண்டு போய் நைரோபியில் விட்டுவிட்டு ஓடிவிட்ட ஒருவனின் கதை. அவன் இரண்டு வருடம் சஃபாரி முகாம் ஒன்றின் குசினியில் வெள்ளைக்காரருக்கு முட்டை பொரித்துக்கொண்டு, ஊருக்கு மட்டும் லண்டனில் இருக்கிறேன் என்று கடிதம் எழுதுகிறான். எனக்குக் கதை பிடித்துவிட்டது. அப்படியான கடிதங்களை நானும் எழுதியிருக்கிறேன்.

டிப்போவில் இரண்டு கிழமை, பதினாலு நாள், லீவு கொடுத்திருந்தார்கள். அதற்குள் முகாம் காட்சிகள் எல்லாம் முடிய வேண்டும். கதாநாயகன் வெஸ்ட் ஈலிங்கில் போன் கடை வைத்திருந்த பொடியன், பார்ப்பதற்கு ஏஜென்சிக்காரன் ஏமாற்றிய முகம்தான். கேமராவுக்கு மட்டும் சென்னையிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டிருந்தான்.

"போக்குவரத்து, சாப்பாடு, ஆக்களை மேய்க்கிறது எல்லாத்துக்கும் நீங்கள் வரவேணும், அண்ணை," என்றான்.

வேறு யாரிடம் கேட்பான்?

அங்காலை போன காலம்

ஆட்களை மேய்ப்பது எனக்குப் புதிதில்லை. அதை எங்கே பழகினேன் என்று கேட்டால் கிழக்கு பெர்லினில்.

அப்போது மதில் இருந்தது. எங்கள் ஆட்கள் கிழக்கில் வந்து இறங்கி, ரயிலில் ஏறி மேற்குக்குப் போவார்கள். எங்களுக்குள் கிழக்கு, மேற்கு என்ற பேச்சே இல்லை. இங்காலை, அங்காலை, அவ்வளவுதான். "இன்னார் அங்காலை போட்டாராம்" என்றால் ஆள் தப்பிவிட்டார் என்று அர்த்தம். நான் முதலில் தனியாகப் போனேன். பிறகு மூன்று தரம் திரும்பி வந்து மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ஜெர்மன் பாஷையில் எனக்கு அப்போது தெரிந்தது நான்கு சொல். நான்கையும் சத்தமாகச் சொல்வேன். பாஷை தெரிந்தவன் தயங்குவான், தெரியாதவன் தயங்கக் கூடாது.

கடைசித் தரம் என்னோடு வந்தவர் சங்கானைப் பக்கத்து வாத்தியார், மூன்று பாஷை படித்த மனிதர். ரயில்வே ஸ்டேஷனில் ரயிலில் ஏறாமல் நின்றுவிட்டார். நான்தான் கையைப் பிடித்து ஏற்றினேன். இப்போது டொரொண்டோவில் இருக்கிறார், பேரப்பிள்ளைகளையும் கண்டுவிட்டார். என் வாயை நம்பி வந்த ஒருவரும் கெட்டுப்போகவில்லை என்று அந்த நாளிலிருந்து எல்லோருக்கும் சொல்லி வந்தேன்.

சரி, ஆப்பிரிக்காவுக்கு வருவோம்.

தகரம் போன்ற ரோட்டு

நைரோபியில் எங்களுக்குக் கிடைத்தது கூரை திறக்கிற வெள்ளை மினிபஸ். அதோடு கமாவு என்ற டிரைவரும் வந்தார். என் வயதுக்காரர், மெலிந்த உடம்பு, ஒரு வசனத்துக்கு மேல் பேசமாட்டார். அவரைப் பக்கத்து சீட்டில் இருத்திவிட்டு நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன். லண்டனைப் போலவே அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்டம். பிறகென்ன?

நகரத்தைத் தாண்டியதும் ரோட்டு ஒரு பெரிய பள்ளத்தாக்குக்குள் வளைந்து வளைந்து இறங்கியது. மலை விளிம்பில் ஆட்டுத் தோல் விற்கிற கடைகள். சோளம் சுடுகிற புகை. கதாநாயகன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தான். நாரொக் என்ற ஊரில் வானுக்கு எண்ணெய் அடித்தோம். அதற்குப் பிறகு தார் முடிந்து தகரக் கூரை போல மடிப்பு மடிப்பாக, சரளைக்கல் பரப்பிய கிறவல் ரோட்டு.

நான் மெதுவாக ஓட்டினேன். வான் உதறியதில் எல்லோருடைய பல்லும் அடித்தது. கொஞ்சத் தூரம் பொறுத்திருந்துவிட்டு கமாவு சைகை காட்டினார்: வேகமாகப் போ. அழுத்தினேன். பார்த்தால், வான் மடிப்புகளின் முதுகில் வழுக்கிக்கொண்டு போகிறது, உதறல் பாதியாகக் குறைந்துவிட்டது. ஒரு விசயத்தை ஒரு தரம் காட்டினால் போதும், எனக்குப் பிடிபடும். கமாவுகூடப் பிறகு தன் தொப்பியை முகத்தில் போட்டுக்கொண்டு நித்திரை கொண்டார். டிரைவர் ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடிய பெரிய மரியாதை அது.

எனக்குப் பின்னால் இருந்தவர்தான் பாஸ்கர். சென்னைக்காரர், நாற்பது வயது இருக்கும், நெற்றியில் எப்போதும் சின்னதாகத் திருநீறு. கேமராவைப் பெட்டியில் வைக்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும் அதன் தலையைக் கையால் தாங்கினார். அவருடைய உதவியாளர் பக்கத்தில் முக்காலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பாஸ்கருக்கும் எனக்கும் முதல் நாளே தமிழில் மோதல். ஹோட்டலில் காலையில் கதவைத் தட்டி, "தம்பி, வெளிக்கிடும், நேரமாச்சு" என்றேன். எங்களுக்கு வெளிக்கிடுவது என்றால் உடுத்துப் புறப்படுவது. அவர் கதவைத் திறந்து கூச்சத்தோடு, "நான் விடியவே போயிட்டு வந்துட்டேண்ணே" என்றார். யூட்டுக்கு விளங்கிப் படிக்கட்டில் இருந்து சிரித்தான். அவர்களுக்கு அது கக்கூசுக்குப் போகிற கதையாம். அன்று முதல் வானில் ஏறுகிற ஒவ்வொரு நேரமும் எல்லோரும் பாஸ்கரிடம் வெளிக்கிட்டாச்சா, வெளிக்கிட்டாச்சா என்று கேட்டு அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள். மனிதர் கோபிக்கவில்லை.

அந்தக் கிறவல் ரோட்டில்தான் தன்னைப் பற்றிச் சொன்னார். பதினான்கு வருடம் உதவிக் கேமராக்காரர். எத்தனையோ படம். ஒன்றிலும் அவர் பெயர் முன்னால் வந்ததில்லை, கடைசியில் ஓடுகிற பட்டியலில், சனம் எழும்பி வாசலுக்குப் போகிற நேரத்தில் வரும்.

"இதுல தனி கார்டுண்ணே," என்றார். "ஒளிப்பதிவுன்னு போட்டு, கீழ என் பேரு மட்டும். யூட் சார் சொல்லிட்டாரு. அது போதும் எனக்கு."

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வானின் பக்கத்திலும் என் பெயரை எழுதி வைத்திருக்கிறவன் நான். அந்த ஆசை எனக்கு விளங்கும்.

பெயர் சொல்லக் கூடாது

முகாமில் எங்களுக்கு நாலு கூடாரம், ஒரு குசினி, இரும்புக் கால்களில் உயரமாக நின்ற ஒரு தண்ணீர்த் தாங்கி. சுற்றிவர மின்சாரக் கம்பி வேலி. நான் கொண்டுபோன அரிசியும் தூளும் இருந்தபடியால் சாப்பாட்டுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. முகாமின் சமையல்காரரே என் மீன் குழம்புக்குத் தட்டை நீட்டிக்கொண்டு வந்தார்.

காலையில் காலுக்குச் சப்பாத்தைப் போடமுன் தட்டிவிட்டுப் போடுங்கள், உள்ளே பூச்சியோ பாம்போ இருக்கும் என்று முகாம்காரர் சொன்னார்கள். பாஸ்கருக்குப் பாம்பு என்றால் சரியான பயம். நாலு தரம் தட்டிவிட்டு, டோர்ச் அடித்தும் பார்ப்பார்.

வோக்கி டோக்கி இரண்டு மட்டும் இருந்தது. இரண்டும் என்னுடையவை, கல்யாண மண்டபங்களில் கார் நிறுத்த நான் பாவிக்கிறவை. ஒன்று பாஸ்கரிடம், மற்றது என்னிடம். ஏன் என்னிடம் என்றால் என் குரல் கரகரப்புக்குள்ளும் தெளிவாகக் கேட்கும். ரேடியோவில் செய்தி வாசிக்கப் போயிருக்கலாம் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் இரண்டு நாளும் ஒரே குழப்பம். நான் வோக்கியில் "அந்தா சிங்கம்" என்றால் போதும். கதாநாயகன் அப்படியே நடிப்பை விட்டுவிட்டு வேலிக்கு ஓடுவான். யூட்டின் கணக்கில் மூன்று நல்ல ஷாட் அப்படிப் பாழாகியது. அவனுக்குப் பொறுமை போய்விட்டது.

"இனி வோக்கியிலை ஒரு மிருகத்தின்ரை பேரும் வரக் கூடாது," என்றான். "ஆனை எண்டும் வேண்டாம், அணில் எண்டும் வேண்டாம். எந்தப் பக்கம் பாக்க வேணுமோ அந்தப் பக்கத்தை மட்டும் சொல்லுங்கோ, அண்ணை."

ஒப்புக்கொண்டேன். ஒரு சட்டத்தை ஒப்புக்கொண்டால் நான் அதை மீறமாட்டேன்.

தண்ணீர்த் தாங்கிக்கு மேலே

நாலாம் நாள் காலை, வெயில் ஏறமுன், ஒரு தூரத்து ஷாட். கதாநாயகன் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு வேலி ஓரமாகத் தனியே நடந்து வர வேண்டும். வெளியே, இருநூறு மீட்டர் தள்ளி, ஒரு குடை போன்ற மரத்தடியில் முகாமின் ஜீப் நின்றது. ஜீப்பின் தட்டைக் கூரையில் பலகை போட்டு, அதில் முக்காலியை வைத்து, பாஸ்கர் நின்றார். உதவியாளரை யூட் தன்னோடு குசினிக்குப் பின்னால் வைத்துக்கொண்டான். ஜீப்பில் கமாவு மட்டும். அவருடைய தொப்பி பிரேமுக்குள் தெரிகிறது என்று பாஸ்கர் அவரைச் சீட்டில் படுக்கச் சொல்லியிருந்தார். சத்தம் பதிவாகும் என்று எஞ்சினும் நிறுத்தியாயிற்று.

நான் தண்ணீர்த் தாங்கியின் இரும்பு ஏணியில் ஏறி நின்றேன். அறுபதை நெருங்கிய வயதில் கை நடுங்காமல் ஏறினேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு கையில் வோக்கி, கழுத்தில் தூரக்கண்ணாடி. யூட் தோளில் கிடக்கிற துவாயை வீசினால் நான் பாஸ்கருக்குச் சொல்ல வேண்டும்.

துவாய் வீசினான். சொன்னேன். கதாநாயகன் நடந்தான். அன்றைக்குத்தான் நன்றாக நடந்தான், வாளித் தண்ணீர் தளம்பித் தளம்பிக் காலில் ஊற்றியது.

அப்போதுதான் மரத்துக்குப் பின்னால் பற்றைக்குள்ளிருந்து ஒரு யானை வந்தது. தனி யானை. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சருகுகூடச் சத்தம் போடவில்லை. பாஸ்கருக்கு இடது கைப் பக்கம். மரத்தின் தண்டு அவருக்கு அதை மறைத்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு கண்ணைக் கேமராவில் வைத்து மற்றக் கண்ணை மூடியிருந்தார். படுத்திருந்த கமாவுக்கும் தெரியாது.

யானை அந்த மரத்தின் காய்க்குத்தான் வந்தது. பாஸ்கர் கண்டுவிட்டு அசையாமல் நின்றால் அது தின்றுவிட்டுப் போயிருக்கும். முகாமில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்: கூச்சல் போடாதே, இறங்காதே, அசையாதே.

நான் பதறவில்லை. குரலை உயர்த்தவில்லை. வோக்கியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, பெயர் சொல்லாமல், ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"பாஸ்கர், உங்காலை பாரும். உங்காலை பாரும்."

தூரக்கண்ணாடிக்குள் பாஸ்கர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். இடது பக்கம் திரும்பவில்லை. குனிந்தார். தன் காலைப் பார்த்தார். பார்த்தவர் தீயில் மிதித்தது போலத் துள்ளி ஜீப்பின் கூரையிலிருந்து கீழே பாய்ந்தார்.

பாய்ந்தது இடது பக்கம்.

யானைக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வான் நிறுத்துகிற இடம்தான் இருந்தது. யானை இரண்டு காதையும் விரித்தது. பாஸ்கர் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார், எழும்பவில்லை. நான் வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நடந்தது அதுதான் முதல் தரம்.

கமாவு எழும்பினார். கதவுத் தகரத்தில் உள்ளங்கையால் அடித்து, தன் பாஷையில் யானையை ஏசினார். வீட்டு வாசலில் நிற்கிற மாட்டை ஏசுகிற குரல்தான். எஞ்சினை உறுமவிட்டார். யானை தலையை ஒரு தரம் உதறியது, தூசி எழும்பியது. பிறகு பின்பக்கமாகவே இரண்டு அடி வைத்து, திரும்பி, பற்றைக்குள் போய்விட்டது. கமாவு இறங்காமலே குனிந்து, பாஸ்கரின் சட்டைக் கொலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

வாசல் காவல் கூண்டிலிருந்து காவலர் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று சொல்

பாஸ்கரைக் கூடாரத்தில் கட்டிலில் கிடத்தினோம். கணுக்கால் வீங்கிவிட்டது, முறியவில்லை. யூட் ஐஸ் தேடிக் குசினிக்கு ஓடினான். நானும் பாஸ்கரும் மட்டும்தான்.

"நல்லவேளைண்ணே," என்றார். "நீங்க உன் காலைப் பாருன்னதும் பாத்தேன். கறுப்பா, சுருண்டு, என் காலச் சுத்தி. மரத்துலேந்து விழுந்திருக்கும்போல. அப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியல."

நான் கட்டிலின் விளிம்பில் இருந்தேன்.

எங்கள் ஊரில் மூன்று சொல் உண்டு. இங்காலை என்றால் நான் நிற்கிற பக்கம். அங்காலை என்றால் இருவருக்கும் தூரமான பக்கம். உங்காலை என்றால் நீ நிற்கிறாயே, அந்தப் பக்கம். உங்காலை பாரும் என்று சொன்னால் யாழ்ப்பாணத்துக் குழந்தையும் தனக்குப் பக்கத்தில் திரும்பிப் பார்க்கும். சென்னையில் அந்த மூன்றாவது சொல் புழக்கத்தில் இல்லை. அவர் காதில் விழுந்தது உன் காலை. காலில் கிடந்தது கேமராவின் கறுப்புக் கேபிள்.

என் தமிழில் பிழை இல்லை. இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த மனிதரை யானைக்கு முன்னால் இறக்கியது என் வாய்தான். அது அந்தக் கட்டில் விளிம்பில் இருந்தபோதே எனக்கு முழுதாக விளங்கிவிட்டது. அவருக்கு விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

வார்டன் அம்மா

அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. முகாம் மேசையில் அந்தத் தாளை வைத்தார், என் கையெழுத்து மேலே தெரிய. முதலில் கமாவிடம் கேட்டார். கமாவு கேபிளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பாம்பு இல்லை, இதுதான் கிடந்தது என்றார். பிறகு வார்டன் கூடாரத்துக்குள் போய் பாஸ்கரைக் கேட்டார். பாஸ்கர் தெரிந்த இங்கிலீசில் ஸ்நேக், ஸ்நேக் என்றதும், சாரி மேடம் என்றதும் வெளியே எங்களுக்குக் கேட்டது.

வெளியே வந்து என்னைப் பார்த்தார். வோக்கியைச் சுட்டிக் காட்டி, நீ இதில் அவனுக்கு என்ன சொன்னாய் என்று கேட்டார். அந்த இங்கிலீசு எனக்கு நன்றாக விளங்கியது. லண்டனில் இருபது வருடம் கவுன்சில்காரரோடும் பொலிசோடும் பார்க்கிங்குக்குச் சண்டை பிடித்தவன் நான். ஆனாலும் விளங்காதவன் போல யூட்டின் முகத்தைப் பார்த்தேன்.

"அண்ணை, நீங்கள் வோக்கியிலை என்ன சொன்னனீங்கள் எண்டு கேக்கிறா," என்றான் யூட்.

இரண்டு நிமிடம் போதும், அந்தச் சொல்லை அவனுக்கு விளக்க. அவன் மன்னாரான், உடனே பிடித்திருப்பான், வார்டனுக்கும் சொல்லியிருப்பான். பிழை யாரால் நடந்ததோ அவர் போக வேண்டும் என்பது சட்டம். அப்படிச் சொல்லியிருந்தால் போயிருக்க வேண்டியவன் நான். பாஸ்கர் காலைக் கட்டிக்கொண்டு, கதிரையில் இருந்தாவது மிச்சப் படத்தை எடுத்திருப்பார்.

நான் போனால் யார் சமைப்பது, யார் வான் ஓட்டுவது, யார் இவர்களை மேய்ப்பது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். எல்லாம் சரியான கணக்குத்தான். ஆனால் வாய் அடைத்தது அதனால் இல்லை. இத்தனை பேருக்கு முன்னால், சோதி அண்ணை சொன்ன சொல்லால் ஒரு ஆள் சாகப் பார்த்தது என்று என் வாயால் சொல்ல எனக்கு ஏலாமல் போனது.

"கவனம் எண்டு சொன்னன்," என்றேன்.

யூட் மொழிபெயர்த்தான். வார்டன் தாளை மடித்தார். கேபிளுக்குப் பயந்து யானைக்கு முன்னால் பாய்கிறவரைத் தன் காட்டில் வைத்திருக்க முடியாது என்றார். மற்றவர்கள் இருக்கலாம். யூட் கெஞ்சினான், கும்பிட்டான், முழங்காலில் நிற்கவில்லை என்பதுதான் குறை. அந்த அம்மா இரக்கத்தோடுதான் தலையை ஆட்டினார். மத்தியானத்துக்குள் ஆள் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும்.

ஜீப் புறப்பட்டபோது

கமாவுதான் அவரை நாரொக் வரை கொண்டுபோனார். நான் பாஸ்கரைத் தோளில் தாங்கி ஜீப் வரை நடத்திக்கொண்டு வந்தேன். கேமராவை உதவியாளரிடம் கொடுத்தபோது எதை எப்படித் துடைக்க வேண்டும், எந்தக் கண்ணாடிக்கு எந்தத் துணி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். அழவில்லை. யூட்தான் அழுதான்.

கதவைச் சாத்தப்போனேன். என் கையைப் பிடித்தார்.

"அண்ணே, எல்லாரும் கேபிளுங்கறாங்க. தூரக்கண்ணாடில பாத்தது நீங்க ஒருத்தர்தான். நெஜமா சொல்லுங்க. என் கால்ல என்ன இருந்துச்சு?"

கமாவு எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தார்.

"பாம்பு," என்றேன். "ஓடிப் போட்டுது."

அவர் முகம் தெளிந்தது. என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். "எனக்குத் தெரியும்ணே. நீங்க மட்டும் சொல்லலேன்னா இன்னிக்கு நான் இல்ல," என்றார்.

மிச்ச நாட்களை உதவியாளர் எடுத்தார். பிழை இல்லாமல் எடுத்தார். லண்டனில் ஒரு மண்டபத்தில் படத்தைப் போட்டபோது சனம் நிறைந்திருந்தது, என் வான்கள்தான் கதிரை ஏற்றின. ஒளிப்பதிவு என்று வந்த இடத்தில் இரண்டு பெயர் இருந்தது. பாஸ்கருடையது இரண்டாவது. அதற்குப் பிறகு அவரைத் தனிக் கேமராக்காரராக ஒருவரும் கூப்பிடவில்லை. இப்போது சென்னையில் கேமரா வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறார், நன்றாக இருக்கிறார்.

வருடம் தவறாமல் பொங்கலுக்கு எனக்குப் போன் எடுப்பார். உயிர் தந்தவர் என்று வீட்டுக்காரரிடம் எல்லாம் போனைக் கொடுப்பார். நானும் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு, ஓம் ஓம், நல்லா இருங்கோ என்பேன். பெருமையாகத்தான் இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

இந்த முறை எடுத்தபோது, இந்தத் தொடரை இணையத்தில் வாராவாரம் படிக்கிறேன் என்றார். நம்ம ஆப்பிரிக்கா எப்போ வரும் என்று கேட்டார். அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாளாம். அப்பா கேபிளைப் பார்த்துத்தான் பாய்ந்திருப்பார் என்று சின்ன வயதிலிருந்தே பகிடி பண்ணுகிறாளாம். "நீங்க எழுதினா அச்சுல காட்டிடுவேண்ணே, அவ வாயை அடைச்சிடலாம்," என்றார்.

அந்தப் போனுக்குப் பிறகு பொறுப்பாசிரியரிடம் சொல்லி, இந்தக் கிழமைக்கு என்று எழுதி வைத்திருந்த ஹீத்ரோக் கதையைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

பாஸ்கர், மகள் சொல்வது சரி. உம்முடைய காலில் கிடந்தது கேபிள்தான், பாம்பு இல்லை. நான் காட்டியது யானையை. வார்டன் அம்மா கேட்டபோது நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஜீப்பில் ஏறியிருக்க வேண்டியவன் நான், அந்தக் கார்டில் உம்முடைய பெயர் தனியாக நின்றிருக்கும். இதை மகளிடம் காட்டும். அடுத்த பொங்கலுக்குப் போன் எடுக்கிறதும் விடுகிறதும் உம்முடைய விருப்பம்.